மனதில் மணிச்சட்டம் தெரிகிறது; கரும்பலகை தெரிகிறதா?

குழந்தைகள் உளவியல் ஆலோசகரின் பதில்

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவருடைய மகனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். ஒன்றரை ஆண்டாக, கம்பிகளில் மணிகள் கோத்த மணிச்சட்டமான அபாகஸ் வழி மனக்கணக்குப் பயிற்சிக்குச் செல்கிறான். இரண்டிலக்க எண்கள் பத்தை வரிசையாக வாசித்தால், காற்றில் விரல்களை அசைத்தபடியே விடையைச் சொல்லிவிடுகிறான். ஆனால் பள்ளியில் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது 37 சில நாட்களில் 73 ஆகிவிடுகிறது. வாசிக்கும்போது ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறான். வாக்கியக் கணக்கைப் படித்துவிட்டு, கூட்டுவதா கழிப்பதா என்று தாயின் முகத்தைப் பார்க்கிறான். இதைப் பயிற்சி மையத்தில் சொன்னபோது, “பார்வைத் தகவலைக் கையாளும் திறன் இப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கிறது, எல்லா லெவலையும் முடித்தால் தானாகச் சரியாகிவிடும், வலது மூளை விழித்துக்கொள்ளும்” என்று கூறியிருக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கக் கற்றுத்தரும் தனி வகுப்பு ஒன்றிலும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வகுப்பாசிரியருக்கோ வேறு புகார்: கணக்கில் படிகளை எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிறான், சுவரை வெறித்துப் பார்த்தபடி விரலை ஆட்டிக்கொண்டிருக்கிறான் என்கிறார். கணவர் வகுப்பை நிறுத்திவிடலாம் என்கிறார். லெவல் தேர்வு நெருங்கினால் பையனுக்கு வயிற்றுவலி வருகிறது. ஓர் இரவு அவன், “எல்லாருக்கும் மணி நல்லாத் தெரியுதாம்மா, எனக்கு மட்டும் நாலு கம்பிக்கு மேல போனா அழிஞ்சுபோயிடுது” என்று சொல்லி அழுதிருக்கிறான். இந்தப் பயிற்சி உண்மையிலேயே பார்வைத்திறனையும் அறிவுத்திறனையும் வளர்க்கிறதா, தொடர்வதா நிறுத்துவதா, நான்கு வயது மகளையும் சேர்க்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் அழுதுகொண்டே சொன்ன அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது. நான்கு கம்பிக்கு மேல் மணிகள் அழிந்துபோவது அவனுடைய குறை அல்ல. மனிதப் பார்வையின் இயல்பான எல்லை அது. ஒரு பார்வையில் எண்ணாமலேயே இத்தனை என்று சொல்லக்கூடிய பொருள்கள் மூன்று அல்லது நான்குதான். ஒரே நேரத்தில் மனதில் காட்சியாகப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியவையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அபாகஸில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே 5 மதிப்புள்ள ஒரு மணியும் கீழே 1 மதிப்புள்ள நான்கு மணிகளும் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு கம்பியின் மணி அமைப்பு முழுவதையும் மனம் ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறது என்பதால்தான் பத்து மணிகளுக்கு மேல் இருக்கும் ஒரு படத்தைக்கூடக் குழந்தையால் தாங்கிக்கொள்ள முடிகிறது. குஜராத்தின் வடோதராவில் இப்பயிற்சி பெற்ற குழந்தைகளை ஆராய்ந்து மைக்கேல் ஃப்ராங்க், டேவிட் பார்னர் ஆகிய உளவியலாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, கம்பிகளின் எண்ணிக்கை மூன்று, நான்கைத் தாண்டும்போது குழந்தைகளின் திறன் செங்குத்தாகச் சரிவதைக் காட்டியது. ஆகவே எல்லாருக்கும் தெரிகிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்று அவன் நினைப்பது தவறு. அதை இன்றிரவே அவனிடம் சொல்லுங்கள்.

இந்தப் பயிற்சியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 3 உடன் 4-ஐக் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கீழ்மணிகள் ஏற்கெனவே மேலே தள்ளப்பட்டிருக்கின்றன. மிச்சம் இருப்பது ஒன்றுதான். எனவே குழந்தை மேல்மணியை இறக்கி 5-ஐச் சேர்த்துவிட்டு, ஒரு கீழ்மணியைத் திரும்ப எடுக்கிறது, விடை 7. இதையே ஆயிரம் முறை விரலால் செய்த பிறகு சட்டத்தை எடுத்துவிட்டாலும், விரல் அதே பாதையில் அசைகிறது, மணிகளின் புதிய அமைப்பு மனக்கண்ணில் தோன்றுகிறது. நம்மில் பெரும்பாலோர் மனக்கணக்குப் போடும்போது எண்களின் பெயர்களை உள்ளுக்குள் முணுமுணுக்கிறோம். அந்தச் சொல்வழியிலிருந்து காட்சியும் அசைவும் கலந்த ஒரு வழிக்குக் கணக்கை மாற்றிவிடுவதே இந்தப் பயிற்சியின் சாமர்த்தியம். ஜப்பானில் அபாகஸ் வல்லுநர்களின் மூளையைக் காந்த அலைப் படமாக எடுத்து 2000-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகளிலும், மற்றவர்களிடம் மொழி சார்ந்த பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்ட இடத்தில், வல்லுநர்களிடம் இடம், வடிவம், அசைவு ஆகியவற்றைக் கையாளும் பகுதிகள் செயல்பட்டது தெரிந்தது.

அவன் சுவரைப் பார்த்தபடி விரலை ஆட்டுவதற்கும் இதுதான் காரணம். அந்த அசைவு வெறும் பழக்கமல்ல, கணக்கின் ஒரு பகுதி. விரலசைவைத் தடுத்தால் பல குழந்தைகளுக்குத் துல்லியம் குறைகிறது; கையைப் பார்க்க முடிகிறதா இல்லையா என்பது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. இதில் ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். கணக்கே போடாத நேரத்திலும் அவன் சில நொடிகள் வெறித்துப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்தாலும் தோளைத் தொட்டாலும் கவனிக்காமல், பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடர்கிறானா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அதற்கும் அபாகஸுக்கும் தொடர்பில்லை. தாமதிக்காமல் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கூப்பிட்டவுடன் திரும்பினால் கவலைக்கு இடமில்லை.

திறன் எவ்வளவு தூரம் பரவும்?

உங்கள் கடிதத்தின் அடிநாதமான கேள்வி இது. பயிற்சியால் ஒரு குழந்தை கணக்கில் வேகம் பெறுவது வேறு, அந்தப் பயிற்சியால் பார்வைத்திறன், நினைவாற்றல், கவனம், வாசிப்பு என்று மற்ற எல்லாமும் கூடவே உயர்வது வேறு. மையங்கள் விளம்பரப்படுத்துவது பெரும்பாலும் இரண்டாவதை. ஆனால் நல்ல சான்று இருப்பது முதலாவதற்குத்தான்.

அதே வடோதராவில், அதே குழுவினர் உட்பட்ட ஆய்வாளர்கள் 204 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, முடிவை 2016-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு அபாகஸ் மனக்கணக்கு. மற்றதற்கு அதே அளவு நேரம் வழக்கமான முறையில் கூடுதல் கணக்குப் பாடம். இந்த ஏற்பாடு முக்கியமானது. ஏனென்றால் வாரத்தில் சில மணி நேரம் கூடுதலாக எதைக் கற்பித்தாலும் குழந்தை ஓரளவு முன்னேறத்தான் செய்யும். முடிவில் அபாகஸ் பிரிவினர் எண்கணிதத்தில் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். ஆனால் காட்சி, இட அமைப்பு சார்ந்த நினைவு போன்ற அடிப்படை அறிவுத்திறன்களில் பயிற்சியால் வந்த மாற்றம் எதுவும் தென்படவில்லை. இன்னொன்றும் தெரியவந்தது: இட அமைப்புகளை மனதில் பிடித்துவைக்கும் திறன் தொடக்கத்திலேயே அதிகமாக இருந்த குழந்தைகளே இந்தப் பயிற்சியால் அதிகப் பயன் பெற்றார்கள். பயிற்சி அந்தத் திறனை உருவாக்கவில்லை, இருந்த திறனைப் பயன்படுத்திக்கொண்டது.

நினைவாற்றலைப் பற்றி இதைவிடப் பழைய ஓர் ஆய்வு இருக்கிறது. ஜப்பானில் கியோ ஹாதானோவும் அவருடைய சகாவும் தலைசிறந்த அபாகஸ் வல்லுநர்களைச் சோதித்து 1983-இல் எழுதியது அது. ஒருமுறை கேட்ட ஏறத்தாழ 15 இலக்கங்களை அவர்களால் வரிசை மாறாமல் திருப்பிச் சொல்ல முடிந்தது; சாதாரண மனிதர்கள் ஏழெட்டிலேயே தடுமாறிவிடுவார்கள். ஆனால் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளையும் பழங்களின் பெயர்களையும் கொடுத்தபோது அவர்களுடைய நினைவு மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. எண் என்றால் மணியாக மாற்றிப் பதித்துக்கொள்ளலாம், பழத்துக்கு மணி ஏது? வாழ்நாள் பயிற்சி பெற்றவர்களுக்கே இப்படியென்றால், படம்பிடித்தாற்போன்ற நினைவாற்றல் வரும் என்ற வாக்குறுதியை எட்டு வயதுப் பையனின் பெற்றோர் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சீனாவில் பல ஆண்டு பயிற்சி பெற்ற குழந்தைகளிடம் காட்சி சார்ந்த மூளைப் பகுதிகளின் செயல்பாட்டிலும், கவனத்தை மாற்றும் திறன் போன்றவற்றிலும் வேறுபாடுகள் இருப்பதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே பயிற்சியில் இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிடும் ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. பயிற்சியில் ஆண்டுக்கணக்காக நிலைத்திருப்பவர்கள், அதில் நன்றாகச் செய்ய முடிந்த குழந்தைகளும் அவர்களுக்கு நேரம் ஒதுக்க முடிந்த பெற்றோரும்தான். கடினமாக இருந்தவர்கள் எப்போதோ விலகியிருப்பார்கள். வேறுபாடு பயிற்சியால் வந்ததா, முன்பே இருந்ததா என்று அப்போது பிரித்துச் சொல்வது கடினம். மேலும், மூளையின் படத்தில் ஒரு பகுதி வேறுவிதமாகச் செயல்படுகிறது என்பதற்கு, அந்தக் குழந்தை கரும்பலகையைச் சரியாகப் பார்த்து எழுதும் என்று பொருளில்லை.

வலது மூளை விழிப்பது என்பதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். மூளையின் இரு பக்கங்களும் சில வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வது உண்மை. ஒரு பக்கம் தூங்கிக்கொண்டிருக்கிறது, யாராவது தட்டி எழுப்ப வேண்டும் என்பது கற்பனை. யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று மனிதர்களைப் பிரிக்க ஆதாரம் கிடைக்கவில்லை. அபாகஸ் வல்லுநர்களின் மூளையிலும் இரு பக்கங்களும்தான் வேலை செய்கின்றன.

எழுத்து மாறுவதும் வரி தாவுவதும்

எனக்கு உண்மையில் கவலை தருவது இந்தப் பகுதிதான். அபாகஸ் லெவல்கள் முடியும்வரை காத்திருந்தால் இவை சரியாகும் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது, பயிற்சிக்குச் செலவாகும் நேரத்தைவிடப் பெரிய இழப்பைத் தரக்கூடும். மனக்கண்ணில் மணிகளைப் பார்ப்பதும், கண்ணால் கரும்பலகையைப் பார்ப்பதும், எழுத்தைப் பார்த்து ஒலியை அறிவதும் தனித்தனித் திறன்கள். முதலாவதில் கெட்டிக்காரனாக இருக்கும் குழந்தைக்கு மற்ற இரண்டிலும் சிக்கல் இருக்கலாம். பார்வையற்ற குழந்தைகளுக்கென்றே மணிகள் நழுவாதபடி அமைக்கப்பட்ட அபாகஸ் 1960-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தத் திறனுக்கும் கண் பார்வைக்கும் உள்ள தூரம் புரியும்.

ஆகவே முதலில் கண் மருத்துவர். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துச் செய்யும் முழுப் பரிசோதனையாக அது இருக்கட்டும். எழுத்து அட்டையைத் தூரத்தில் வைத்து வாசிக்கச் சொல்லும் சோதனை மட்டும் போதாது, ஏனென்றால் குழந்தைகள் கண்ணை வலிந்து குவித்துத் தூரப்பார்வைக் குறையை மறைத்துவிடுவார்கள். கிட்டப்பார்வை, சிதறல் பார்வை, இரு கண்களும் அருகிலுள்ள எழுத்தில் சேர்ந்து குவியாமல் போவது ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கலாக இருந்தால் குழந்தைக்கே அது தெரியாது. அதைச் சிறு வயதில் கண்டுபிடித்தால் சிகிச்சை எளிது, வயது ஏற ஏறக் கடினம். கண்ணாடி அணிந்தாலே கரும்பலகைப் பிழைகள் பாதியாகும் குழந்தைகளும் உண்டு.

கண்ணில் குறையில்லை என்று தெரிந்தால் அடுத்தது வாசிப்புத் திறன் மதிப்பீடு. எழுத்துகள் இடம் மாறுவதைப் பார்த்தவுடன் அது பார்வைக் கோளாறு என்று நினைப்பது இயல்பு. ஆனால் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமத்தின் வேர் பெரும்பாலான குழந்தைகளிடம் சொற்களின் ஒலிகளைப் பிரித்து அறிவதில்தான் இருக்கிறது. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் கண் மருத்துவர்களின் அமைப்புகளும் 2009-இல் வெளியிட்ட கூட்டறிக்கையில், கற்றல் குறைபாட்டுக்குக் கண் பயிற்சிகள் தீர்வாகும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று கூறின. உங்கள் மகனுக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. எட்டு வயதில் எப்போதாவது எண் மாறுவதும் உண்டு. ஆனால் மூன்று அறிகுறிகளை நீங்கள் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள்: எண் மாறுதல், வரி தாவுதல், வாக்கியக் கணக்கில் திணறல். வாக்கியக் கணக்கை நீங்கள் உரக்க வாசித்துக் காட்டினால் அவனால் போட முடிகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். முடிகிறதென்றால் சிக்கல் கணக்கில் இல்லை, வாசிப்பில். வாசித்துக் காட்டியும் கூட்டுவதா கழிப்பதா என்று தெரியவில்லையென்றால், கணக்கின் பொருளை அவன் இன்னும் பிடிக்கவில்லை. அதற்கு மணியும் வேகமும் உதவாது. அந்தக் கணக்கைப் படமாக வரையச் சொல்லி, பொறுமையாகப் பேசிப் புரியவைக்க வேண்டும். மதிப்பீட்டுக்குப் போகும்போது இந்தக் குறிப்புகளையும் அவனுடைய நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோனால் நிபுணரின் வேலை எளிதாகும்.

தொடர்வதா, நிறுத்துவதா?

நீங்களும் உங்கள் கணவரும் இதில் எதிரெதிர் நிற்க வேண்டியதில்லை. பயிற்சி தீங்கானது என்பதால் நிறுத்த வேண்டும் என்றும் இல்லை, பாதியில் விட்டால் மூளை வளர்ச்சி நின்றுவிடும் என்ற அச்சத்தால் தொடர வேண்டும் என்றும் இல்லை. இதுவரை கற்ற கூட்டல், கழித்தல் அவனிடம் இருக்கும். பயன்படுத்தாவிட்டால் வேகம் குறையும், அவ்வளவுதான். கட்டிய கட்டணத்தை நினைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அவனுக்கு அந்த வகுப்பு பிடித்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பிடித்திருந்தால் லெவல் தேர்வுகளையும் போட்டிகளையும் விட்டுவிட்டு, வகுப்புக்கு மட்டும் போகலாமா என்று மையத்தில் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், கண் பரிசோதனையும் வாசிப்பு மதிப்பீடும் முடியும்வரையாவது இடைவெளி விடுங்கள் என்பதே என் கருத்து.

தேர்வுக்கு முன் வரும் வயிற்றுவலியை நடிப்பு என்று எண்ண வேண்டாம். பதற்றத்தால் குழந்தைகளுக்கு உண்மையாகவே வயிறு வலிக்கும். விடுமுறை நாட்களிலும், தூக்கத்தில் எழுப்பும்படியும் வலி வந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்; தேர்வை ஒட்டி மட்டும் வந்தால் நொடி பார்க்கும் கடிகாரத்தை வீட்டில் எடுத்து வையுங்கள். விருந்தினர் முன்னால் கணக்குக் கேட்டு வேடிக்கை காட்டச் சொல்வதையும் நிறுத்திவிடலாம். கடிதத்தில் நீங்கள் பெருமையோடு எழுதியிருந்த இடம் அது, மன்னிக்கவும்.

வகுப்பாசிரியரிடம் நேரில் பேசுங்கள். விரலசைப்பதை அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். ஆனால் படிகளை எழுத வேண்டும் என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அபாகஸ் விடையைத் தரும், அந்த விடைக்கு எப்படி வந்தோம் என்று சொல்லும் பழக்கத்தைத் தராது. பின்னாளில் இயற்கணிதம் வரும்போது அந்தப் பழக்கம்தான் தேவைப்படும். வீட்டுப் பாடத்தில் மூன்று கணக்குக்கு முழுப் படிகள், மற்றவற்றுக்கு விடை மட்டும் என்று ஓர் ஏற்பாட்டை ஆசிரியரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கண்ணைக் கட்டி வாசிக்கும் வகுப்பு

இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை: சேர்க்காதீர்கள். கண்ணைக் கட்டிய குழந்தை வாசிப்பது மூக்கின் இருபுறமும் துணிக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத்தான். அட்டையை நெற்றிக்கு நேராகப் பிடித்தால் தலை மெல்ல அண்ணாந்துகொள்வதையும், சந்தைப் பஞ்சு வைத்து அடைத்தால் திறன் மறைந்துவிடுவதையும் யாரும் சோதித்துப் பார்க்கலாம். பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். சந்து வழியாகப் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று பெற்றோரிடமே சொல்லப் பழகும் குழந்தை, அந்தப் பொய்யின் சுமையைத் தனியாகச் சுமக்கிறது. மணி அழிந்துபோகிறது என்று உங்களிடம் உண்மையைச் சொல்லத் துணிந்த பையனை அங்கே அனுப்ப வேண்டாம்.

நான்கு வயது மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். அந்த வயதில் 7 என்பது 5-ஐவிடப் பெரியது, ஏழு பொருள்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் ஏழுதான் என்பதைக் கையால் தொட்டு எண்ணிப் பழகுவதே கணக்கு. அண்ணனின் அபாகஸை எடுத்து மணிகளைத் தள்ளி விளையாடினால் தடுக்காதீர்கள். கண் பரிசோதனைக்கு மகனை அழைத்துப் போகும் நாளில் அவளையும் கூட்டிச் செல்லுங்கள்; பள்ளியில் சேரும் முன் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறை கண் பார்ப்பது நல்லது. மகனின் இரண்டு அறிக்கைகளும் கைக்கு வந்த பிறகு விரும்பினால் மீண்டும் எழுதுங்கள். பள்ளித் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வேண்டியிருக்குமா என்பதை அவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.